தெருவுக்குக் கேட்ட விசாரணை

1958-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பம்பாயில் நடந்த ஒரு விசாரணையைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. கொலை வழக்கோ சினிமாக்காரர் வழக்கோ அல்ல. முதலீட்டுக் குழு, பங்கு விலை, கோப்புக் குறிப்பு என்று நீண்ட வறண்ட பேச்சுதான். ஆனால் சாட்சி சொல்ல வந்தவர்கள் நிதி அமைச்சகத்தின் முதன்மைச் செயலாளர், ரிசர்வ் வங்கி கவர்னர், எல்.ஐ.சி. தலைவர், எல்லாருக்கும் மேலாக மத்திய நிதியமைச்சர். உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்கும் கேட்கட்டும் என்று வெளியே ஒலிபெருக்கி கட்ட ஏற்பாடு செய்தார், விசாரணையை நடத்திய பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழல் என்று இன்றும் பேசப்படும் முந்த்ரா விவகாரம் அது. அதில் பதவி இழந்த அமைச்சர் சென்னைக்காரர்: டி.டி.கே. என்று அழைக்கப்பட்ட டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

நாட்டிலிருந்த 245 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி, 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்திருந்தது. தனியார் முதலாளிகளிடம் மக்கள் சேமிப்புக்குப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் தேசியமயத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். ஓராண்டு நிறைவதற்குள், 1957 ஜூனில், அந்த எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாயை ஹரிதாஸ் முந்த்ரா என்ற ஒரே மனிதரின் ஆறு கம்பெனிகளில் கொட்டியது. பல்பு விற்றுத் தொழிலைத் தொடங்கி, கல்கத்தாவின் பழைய கம்பெனிகளை வளைத்துப்போட்டவர் முந்த்ரா. அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். அவருடைய பங்குகளின் யோக்கியதை சந்தைக்குத் தெரியும். இதுபோன்ற முதலீடுகளை எடைபோடவே எல்.ஐ.சி.யில் ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவைக் கேட்காமலே பணம் போய்விட்டது.

நாடாளுமன்றத்தில் இதைப் போட்டு உடைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ரேபரேலி காங்கிரஸ் எம்.பி. ஃபெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மருமகன். முதலில் கேட்ட கேள்விகளுக்கு அரசு சுற்றி வளைத்துப் பதில் சொல்லவே, 1957 டிசம்பர் 16 அன்று ஆதாரங்களோடு எழுந்தார். அவை விவாதத்தைப் பத்திரிகைகள் வழக்குப் பயமின்றி வெளியிட வழிசெய்த 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததுதான். (நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அந்தச் சட்டத்தை ரத்து செய்தது அவருடைய மனைவியின் அரசு. அடுத்த ஆண்டு ஜனதா ஆட்சி அதை மீட்டது.)

இதையொட்டி அரசு சாக்ளாவை விசாரணைக் கமிஷனாக நியமித்தது. அவர் முன் எழுந்த கேள்வி எளிமையானது: வாங்கச் சொன்னது யார்? அமைச்சருக்குத் தெரிந்தே நடந்தது என்றார் செயலாளர் எச்.எம்.படேல். தான் ஒப்புதல் தரவில்லை என்றார் டி.டி.கே. காசு கைமாறியதற்கு ரசீது இருந்தது. உத்தரவுக்குத்தான் ஆள் இல்லை. இன்றும் எந்த அரசு அலுவலகத்திலும் பெரிய தவறுகள் ‘சொன்னாங்க, செஞ்சேன்’ என்ற வாய்மொழியில்தான் நடக்கின்றன. கோப்பைப் புரட்டினால் யார் சொன்னது என்பது மட்டும் இருக்காது.

இந்த முடிச்சில் சாக்ளா மாட்டிக்கொள்ளவில்லை. துறையில் நடந்ததற்கு அரசியல் சட்ட வழக்கப்படி அமைச்சரே முழுப் பொறுப்பு. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள முடியாது என்று முடித்தார். நியமித்து ஒரு மாதம் ஆவதற்குள் அறிக்கை கைக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். நிதித் துறையை நேருவே எடுத்துக்கொண்டு அந்த ஆண்டு பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். முந்த்ரா சிறைக்குப் போனார்.

இதற்குச் சற்று முன்பு, 1956 நவம்பரில், அரியலூர் அருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தானாகவே விலகியிருந்தார். மேடைகளில் இன்றும் சொல்லப்படுவது அந்தக் கதைதான். பெருந்தன்மை அழகானது, சந்தேகமில்லை. ஆனால் பெருந்தன்மை அமைச்சருக்கு அமைச்சர் மாறும். அதை நம்பி ஒரு நாடு கணக்குக் கேட்க முடியாது. முந்த்ரா விவகாரத்தில் யாரும் பெருந்தன்மை காட்டவில்லை. பகிரங்க விசாரணை நேருவுக்கே பிடிக்கவில்லை, டி.டி.கே. மீது அவருக்கு இருந்த மதிப்பும் குறையவில்லை. அப்படியிருந்தும் அமைச்சர் போகவேண்டி வந்தது. சாட்சியங்களை ஊரே கேட்டுவிட்ட பிறகு மூடி மறைக்க எதுவும் மிச்சமில்லை.

இதைப் பொற்காலமாக்கிக் கும்பிடவும் தேவையில்லை. பேரவசரத்தில் முடிந்த விசாரணையில் டி.டி.கே.வுக்கு முழு நியாயம் கிடைத்ததா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 1962-இல் அவர் மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். 1963-இல் மறுபடி நிதியமைச்சர். அதே ஆண்டு கல்வி அமைச்சரானவர் யார் தெரியுமா? நீதிபதியாக இருந்த அதே சாக்ளா. இருவரும் ஒரே அமைச்சரவை மேசையில் உட்கார்ந்தார்கள். பணியை விட்டு குஜராத்துக்குப் போன படேலோ, 1977-இல் மொரார்ஜி தேசாய் அரசில் நிதியமைச்சராகவே வந்து அமர்ந்தார்.

சாக்ளா கமிஷனைப் பார்த்து அரசுகள் கற்றுக்கொண்ட பாடம் வேறு. கமிஷன் அமைத்தால் கேள்விகளை அதன் வாசலில் காத்திருக்க வைக்கலாம். ‘விசாரணை நடக்கிறது, இப்போது கருத்துச் சொல்ல முடியாது’ என்ற வரி எல்லாக் கட்சிக்கும் பொது. பாபர் மசூதி இடிப்பை விசாரிக்க 1992 டிசம்பரில் அமைக்கப்பட்ட லிபரான் கமிஷனுக்கு 48 முறை கால நீட்டிப்பு கிடைத்தது. அறிக்கை வந்தது 2009-இல். ஜெயலலிதா மரணம் குறித்து 2017-இல் அமைக்கப்பட்ட ஆறுமுகசாமி ஆணையத்துக்குக் கொடுக்கப்பட்ட கெடு மூன்று மாதம், எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஐந்து ஆண்டு.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி ஆணையத்தின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. அது பரிந்துரை மட்டுமே. அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைக்க வேண்டும் என்ற பிரிவு பின்னாளில் 1971 திருத்தத்தில் சேர்ந்தது. அறிக்கையை வைக்கத்தான் கெடு இருக்கிறது. அறிக்கையைக் கொடுப்பதற்குச் சட்டத்தில் கெடு எதுவும் இல்லை. அதை அரசு நியமன ஆணையில் குறிப்பிடும், வேண்டும்போது நீட்டித்துக்கொள்ளும்.