மனநல பாதிப்பு, போதை: வர மறுப்பவரை சிகிச்சையில் சேர்க்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன, மாற வேண்டியது எது?

ஒரு வீட்டில், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று மகன் நான்கு நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு வீட்டில், விடிந்ததும் பாட்டிலைத் தேடும் கணவர், கேட்டால் கையை ஓங்குகிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் இருவரின் பதிலும் ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணும் இல்ல. நான் எங்கயும் வரமாட்டேன்."

இந்த நிலையில் குடும்பம் கையெழுத்துப் போட்டால் அவரைச் சேர்த்துவிட முடியுமா? எத்தனை நாள் வைத்திருக்கலாம்? அவர் "வெளியே விடுங்க" என்றால் விட்டே ஆக வேண்டுமா?

இந்தியாவில் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்வது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. 2018 மே 29 முதல் இது நடைமுறையில் உள்ளது. "சட்டம் எங்க கையைக் கட்டிப் போட்டுருச்சு" என்பது பல குடும்பங்களின் புகார். ஒருவரை இன்னமும் எளிதாகப் பூட்டி வைக்க முடிகிறது என்பது நோயாளிகளின் உரிமைக்காகப் பேசுவோரின் புகார். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

முன்பு எப்படி இருந்தது?

ஆங்கிலேயர் காலத்தில் வந்தது 1912-ம் ஆண்டின் சட்டம். அதற்குப் பதிலாக 1987-ல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு 1993-ல் அமலுக்கு வந்தது. அதன்படி உறவினரோ நண்பரோ விண்ணப்பித்து, 2 டாக்டர்களின் சான்றிதழ் இருந்தால், ஒருவரை அவர் சம்மதம் இல்லாமலே 90 நாட்கள் வரை உள்நோயாளியாக வைத்திருக்க முடிந்தது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரித்தது. அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டது குடும்பங்கள்தான். குணமாகும் என்ற நம்பிக்கையில் விட்டவர்களும் உண்டு, வேறு வழி தெரியாமல் விட்டவர்களும் உண்டு.

2007-ல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. நோய் இருப்பதாலேயே ஒருவருக்குத் தன்னைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை போய்விடாது என்பது அதன் அடிப்படை. 2017 சட்டம் அதன் வழியில் எழுதப்பட்டது.

விருப்பமில்லாமல் சேர்க்க இப்போது என்ன விதி?

இப்போதைய சட்டம் இதை 'ஆதரவுடன் கூடிய சேர்க்கை' என்கிறது. இது பிரிவு 89-ல் வருகிறது. விண்ணப்பம் கொடுக்க வேண்டியவர் நோயாளியின் 'நியமனப் பிரதிநிதி'. நோயாளி யாரையும் முன்பே நியமிக்கவில்லை என்றால் உறவினரோ, கவனித்துக்கொள்பவரோ அந்த இடத்தில் இருக்கலாம்.

மனநல மருத்துவர் ஒருவரும், மற்றொரு மனநல நிபுணர் அல்லது டாக்டரும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளோ இது நடந்திருக்க வேண்டும். கீழ்க்கண்ட மூன்றில் ஒன்றாவது இருப்பதாக இருவரும் சொல்ல வேண்டும்.

1. சமீபத்தில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ள முயன்றார் அல்லது அப்படி மிரட்டினார்.

2. மற்றவரிடம் வன்முறையாக நடந்தார் அல்லது அடிப்பாரோ என்று பயப்படும்படி நடந்தார்.

3. தனக்கே ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் இருக்கிறார்.

இவை மட்டும் போதாது. அவரால் சுயமாக முடிவெடுக்க முடியாத நிலை இருக்க வேண்டும். அட்மிஷனைவிடக் கட்டுப்பாடு குறைந்த வேறு வழியும் இருக்கக் கூடாது.

இப்படிச் சேர்ப்பது அதிகபட்சம் 30 நாட்களுக்குத்தான். அதற்கு மேல் வைத்திருக்க 2 மனநல மருத்துவர்கள் மறுபடி பரிசோதிக்க வேண்டும், மனநல மறுஆய்வு வாரியமும் அனுமதிக்க வேண்டும். அப்போதும் முதலில் 90 நாட்கள், அடுத்து 120, பிறகு 180 என்றுதான் நீட்டிக்க முடியும். "ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கட்டும்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அவசரம் என்றால்?

உயிருக்கு ஆபத்து, தனக்கோ மற்றவருக்கோ கடும் காயம் ஏற்படும் ஆபத்து போன்ற நிலையில், பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். பிரதிநிதி உடன் இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். நோயாளியை அருகில் உள்ள மனநல மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டு செல்வதும் இந்த அவசர சிகிச்சையில் அடங்கும். பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை.

போலீசுக்கும் கடமை உண்டு. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரையும், தெருவில் ஆதரவின்றித் திரிபவரையும் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.

குடிக்கும் போதைக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், ஆனால் ஒரு எல்லை வரைதான். மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலை பாதிப்புகளையும் சட்டம் 'மனநோய்' என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதனால் இவர்களுக்கு சிகிச்சை தரும் மையங்களும் பதிவு பெற்றாக வேண்டும்.

ஆனால் "தினமும் குடிக்கிறார், சம்பளத்தை அழிக்கிறார்" என்பது மட்டும் ஒருவரை அடைத்து வைக்கக் காரணம் ஆகாது. மனைவியை அடிக்கிறார், குடியை நிறுத்தியதும் உளறுகிறார், எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்றால் மேலே சொன்ன நிபந்தனைகள் பொருந்தலாம்.

குடும்பங்களின் பெரிய குறை இங்கேதான். சேர்த்த சில நாளில் போதை தெளிந்துவிடும். பேச்சு சீராகும், முடிவெடுக்கும் திறன் திரும்பிவிடும். அதன்பின் அவர் "நான் கிளம்புறேன்" என்றால் தடுக்க முடியாது. மனநோயாளியின் விஷயத்தில் ஒரு மாதம் கிடைக்கலாம். குடிநோயாளியின் விஷயத்தில் ஒரு வாரம்கூடக் கிடைக்காமல் போகலாம். வெளியே வந்த அன்றே மறுபடி குடித்தால், அடி வாங்கப் போவது அதே மனைவிதான்.

இந்த இடைவெளியில்தான் சில தனியார் மையங்கள் புகுந்துவிடுகின்றன. "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, நாங்க வந்து தூக்கிட்டுப் போறோம்" என்பது அவர்கள் வழி. இரண்டு நிபுணர்களின் பரிசோதனை இல்லாமல் இப்படி ஒருவரைக் கொண்டுபோய் மாதக்கணக்கில் பூட்டி வைப்பது சட்டவிரோதம். எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதையும், தனி அறையில் அடைப்பதையும் சட்டம் தடை செய்கிறது. விதியை மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இதில் உயிர் ஆபத்தும் உண்டு. பல வருடம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் கடும் நடுக்கம், காய்ச்சல், இல்லாத உருவங்கள் தெரிவது, உளறல் என்று முற்றலாம். மருந்தும் மருத்துவ கண்காணிப்பும் இல்லாமல் அறையில் அடைத்தால் சாவில்கூட முடியும்.

சட்டத்தின் பலவீனம் எங்கே?

ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும்போது, அது சரிதானா என்று பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும். அந்த வேலைதான் மறுஆய்வு வாரியத்துடையது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், மற்றொரு டாக்டர் ஆகியோருடன், நோயை அனுபவித்தவர், பராமரிப்பவர் அல்லது தொண்டு நிறுவனத்தவர் இருவரும் உறுப்பினர்கள்.

ஒருவரை விருப்பமின்றிச் சேர்த்தால் 7 நாட்களுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெண்கள், சிறார் என்றால் 3 நாட்கள். "என்னை ஏன் அடைத்தீர்கள்" என்று நோயாளி அங்கே முறையிடலாம். இலவச சட்ட உதவியும் அவர் உரிமை.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து பல ஆண்டுகள் ஆகியும் பல மாநிலங்களில் வாரியங்கள் முழுமையாக அமைக்கப்படாமல், விஷயம் நீதிமன்றங்கள் வரை போனது. வாரியம் கூடாத ஊரில் சொத்துத் தகராறில் பொய்யாக அடைக்கப்பட்ட பெண் யாரிடம் போவார்? 30 நாளுக்கு மேல் சிகிச்சை தேவைப்படும் மகனுக்கு அனுமதி வாங்க அம்மா யாரிடம் போவார்? இருவருக்கும் ஒரே கதவுதான். அது மூடியிருக்கிறது.

அடுத்த ஓட்டை, வெளியே வந்த பிறகு என்ன என்பது. வீட்டிலேயே சிகிச்சை, இடைநிலை இல்லங்கள், ஆதரவு இல்லங்கள் ஆகியவற்றை அரசு தர வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. நடப்பது வேறு. 2019-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வின்படி, நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகள் 43-ல் இருந்தவர்களில் 36 சதவீதம் பேர் ஓராண்டுக்கும் மேலாக உள்ளேயே இருந்தார்கள். குணமாகியும் போக வீடில்லாதவர்கள் அதில் பலர்.

போதை சிகிச்சையின் நிலை இன்னும் மோசம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. தானாக வருகிறவருக்கே படுக்கை இல்லாத நிலை இது.

வெளிநாடுகளில் எப்படி?

இங்கிலாந்தின் 1983 மனநலச் சட்டப்படி, மதுவுக்கோ போதைக்கோ அடிமையாக இருப்பது மட்டுமே ஒருவரை அடைத்து வைக்கக் காரணமாகாது. பரிசோதனைக்காக 28 நாள் வைத்திருக்கலாம். நோயாளி முதல் 14 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் எதிர்த் திசையில் போனது. அங்கே 1967 சட்டப்படி 72 மணி நேரம் வரை ஒருவரைப் பிடித்து வைக்கலாம். மனநோயால் உணவு, உடை, இருப்பிடத்தைக்கூடப் பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு இது பொருந்தியது. 2023 அக்டோபரில் கையெழுத்தான திருத்தம் கடுமையான போதைப் பழக்கத்தையும் இதில் சேர்த்தது. ஆனால் படுக்கையும் ஆளும் இல்லை என்று பெரும்பாலான கவுண்டிகள் இதைத் தள்ளிப்போட்டன. சட்டமே 2026 ஜனவரி வரை அவகாசம் கொடுத்திருந்தது.

கட்டாய போதை சிகிச்சை பலன் தருமா என்பதிலும் உறுதியான ஆதாரம் குறைவு. கட்டாய போதைத் தடுப்பு முகாம்களை மூட வேண்டும் என்று 2012-ல் ஐ.நா. அமைப்புகள் 12 சேர்ந்து அறிக்கை விட்டன. ஹெராயின் போன்றவற்றை அடைபட்ட காலத்தில் விட்டவர், வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் இறந்துபோகும் ஆபத்தும் அதிகம்.

அப்படியானால் எதை மாற்ற வேண்டும்?

கட்டாய சேர்க்கையை எளிதாக்குங்கள் என்று ஒரு தரப்பும், முழுவதும் நிறுத்துங்கள் என்று இன்னொரு தரப்பும் கேட்கின்றன. போதைக்குத் தனி விதி வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது.

எந்த வழியை எடுத்தாலும் வாரியமும், வெளியே தொடர் சிகிச்சையும் இல்லாமல் அது வேலை செய்யாது. வாரியம் இல்லாமல் விதியைத் தளர்த்தினால் இன்னொரு ஏர்வாடிக்கு வழி திறக்கும். தொடர் சிகிச்சை இல்லாமல் விதியை இறுக்கினால் சுமை முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில் விழும். மாவட்டந்தோறும் கூடும் வாரியம், அழைத்தால் வீட்டுக்கு வரும் மனநலக் குழு, மாவட்ட மருத்துவமனையில் போதை மீட்புப் படுக்கைகள்: இந்த மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. பணமும் ஆளும் ஒதுக்கினால் போதும்.

இப்போது குடும்பம் என்ன செய்யலாம்?

- 14416: மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.
- 14446: மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்.
- தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 108 அல்லது 112.
- தனியார் மையத்தில் சேர்க்கும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் இருக்கிறாரா, குடும்பத்தினர் நேரில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். "மூணு மாசம் வந்து பார்க்கக் கூடாது" என்றால் அங்கே சேர்க்காதீர்கள்.
- நோய் கட்டுக்குள் இருக்கும் நாட்களில் அவரிடமே பேசி, மறுபடி முற்றினால் என்ன சிகிச்சை வேண்டும், யார் முடிவெடுக்கலாம் என்று எழுதி வாங்கி வாரியத்தில் பதிவு செய்யலாம். சட்டம் இதை 'முன்கூட்டிய அறிவுறுத்தல்' என்கிறது. முடியாத நாளில் தனக்காக யார் பேச வேண்டும் என்பதை, முடிகிற நாளில் அவரே தீர்மானிக்க இது வழி தருகிறது.