காலிப் புட்டிக்குப் பத்து ரூபாய்!

"வாங்க மாமா! என்ன, மலையையே முதுகிலே தூக்கிட்டு வந்த மாதிரி நடக்கிறீங்க?"

"பூண்டு மூட்டைடா மாப்ளே! தூக்கிப் பார்த்தாத் தெரியும். நீ தூக்குறது அந்தக் கிளாஸ் ஒண்ணுதானே!"

"அவனைச் சொல்லாதீங்கண்ணே. அவன் கட்டின சுவரெல்லாம் நிமிர்ந்து நிக்குது!"

"சுவர் நிக்குது, சரி. இவன் நிக்கிறானா? அதைச் சொல்லு!"

சிரிப்பு! தகரக் கூரை அதிரும்படிச் சிரிப்பு!

தோழா! இது நாடகக் காட்சி அல்ல. பழனி மலைத் தொடரின் மேலே, கொடைக்கானல் பக்கத்தில், மதுக்கூடம் ஒன்றில் நான் கண்ட காட்சி. கூட்டம் பேசச் சென்றிருந்தேன். மூடுபனி எனக்கு முன்பே மேடை ஏறிவிட்டது! எதிரே நிற்கும் ஆளைத் தெரியவில்லை; ஒலிபெருக்கிக்காரர் கையை விரித்தார். கூட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. உடன் இருந்த தோழர், ஏரிக்கரையில் குதிரை வைத்துப் பிழைப்பவர், "வாங்கண்ணே, எங்க சட்டசபையைப் பார்த்துட்டுப் போங்க" என்றார். போனேன். நான் குடிப்பவனல்ல. எனக்கு ஒரு சோடா, ஒரு கடலைப் பொட்டலம்.

சட்டசபை என்று அவர் சொன்னது பொய்யல்ல. தினமும் கூடுகிற சபை அது. பூண்டு மூட்டை சுமப்பவர் ஒருவர். கேரட் ஏற்றி வத்தலக்குண்டுக்கு இறங்கும் லாரி ஓட்டுநர் ஒருவர். கொத்தனார் ஒருவர். குதிரைக்காரர். நால்வருக்கும் அவரவர் இடம். மாறி உட்கார்ந்தால் 'ஒழுங்குப் பிரச்சினை' கிளம்புகிறது!

லாரி ஓட்டுநர் குதிரைக்காரரைச் சீண்டுகிறார்: "உன் குதிரைக்கு வயசாச்சுப்பா. என் வண்டிக்குப் பின்னாலே கட்டி இழுத்தாத்தான் வரும்."

"என் குதிரையைப் பத்திப் பேசாதே. அது தண்ணி குடிச்சாலும் நேரா வீட்டுக்குப் போகும். உன்னைப் போலக் கொண்டை ஊசி வளைவு போடாது!"

யாரும் கோபிக்கவில்லை. நாளெல்லாம் முதலாளியிடம், மேஸ்திரியிடம், சுற்றுலா வந்த துரைமாரிடம் 'சரிங்க', 'ஆகட்டுங்க' என்று சொல்லிக் களைத்த வாய்கள் அவை. இங்கே 'போடா' என்று சொல்லலாம். 'போடா' என்று கேட்டுக்கொள்ளலாம். உரிமையோடு திட்டவும் திட்டு வாங்கவும் ஓரிடம் மனிதனுக்கு வேண்டாமா!

அப்போது கொத்தனாரின் கைப்பேசி ஒலித்தது. மறுமுனையில் ஒரு சிறுமி. கணக்கு நோட்டு கேட்டது அந்தக் குரல். "இதோ வந்துட்டேன் கண்ணு. கடை மூடறதுக்குள்ளே வாங்கிட்டு வந்துடுறேன்" என்றார் கொத்தனார்.

எதையும் கேலி செய்த அந்தச் சபை, அதை மட்டும் கேலி செய்யவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் நால்வரும் கிளாசைப் பார்த்தார்கள். சிறிது நேரம் கழித்துக் கொத்தனார், "இன்னொண்ணு சொல்லு" என்றார். அன்றைய கூலியில் பாதி அந்த மேசையிலேயே கரைந்தது. நோட்டுக் கடை மூடுவதற்கு முன் அவர் எழுந்திருக்கவில்லை.

'பார்த்தாயா, குடியின் கொடுமை!' என்று ஒரு பிரசங்கத்தைத் தொடங்கிவிடலாம். எனக்கு வாய்க்கா பஞ்சம்? ஆனால், தோழா, பிரசங்கத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். மூட்டை சுமப்பவரிடம் மெல்லக் கேட்டேன்: "ஏண்ணே, ஊரிலே டீக்கடை இருக்கே. அங்கே உட்கார்ந்து பேசக் கூடாதா? இந்தக் குளிரில் இவ்வளவு தூரம் வந்து, காசைக் கொட்டி..."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் என்னை இன்னும் உறுத்துகிறது.

"எங்க ஊரு டீக்கடையிலே எனக்குத் தனிக் கிளாஸுங்க. பெஞ்சிலே உட்கார முடியாது. இங்கே பாருங்க, எல்லாருக்கும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சு. நான் இந்தக் கொத்தனாரைத் திட்டலாம். அவன் ஆளு ஊருக்குள்ளே இருக்கிறவன். அங்கே திட்ட முடியுமா?"

நான் கையில் வைத்திருந்த சோடா கசந்தது!

தோழா, அந்த மலையின் வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பார். 1845-ல் மதுரையிலிருந்து அமெரிக்கப் பாதிரிமார் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மேலே ஏறி வீடு கட்டினர். 1863-ல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கினார். மோட்டார்ச் சாலை முழுதாக வந்து சேர்ந்தது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். அதுவரை துரைகள் எப்படி ஏறினர்? பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து, நாற்காலியில் உட்கார்ந்து ஏறினர். நாற்காலிக்குக் கால் உண்டு, மலையேறத் தெரியாது. ஏறியவை நம்மவர் கால்கள்! தோளில் துரை, காலடியில் பாறை.

மேலே ஏறிய துரைகள் 1887-ல் தமக்கென ஒரு கிளப் வைத்துக்கொண்டனர். மாலையில் கூடுவது, கோப்பையை ஏந்துவது, ஒருவரையொருவர் கிண்டல் செய்வது! அன்றைய ஆங்கிலேயர் கிளப்புகளில் நம்மவர் நுழைய வழி ஒன்றே: கையில் தட்டேந்தி நுழைவது. தூக்கி வந்தவன் வெளியே பனியில்; தூக்கப்பட்டவன் உள்ளே கணப்பின் அருகில்.

'வெள்ளைக்காரன் ஆணவம்!' என்று கொதிக்கிறாய் அல்லவா? கொதி. ஆனால் மலையடிவாரத்து டீக்கடையில் ஒருவனைப் பெஞ்சுக்கு வெளியே நிறுத்திச் சிரட்டையில் ஊற்றினானே, அவன் எந்தச் சீமையிலிருந்து வந்த வெள்ளைக்காரன்? சிரட்டை போயிற்று, தனிக் கிளாஸ் வந்தது. தனிக் கிளாசைக் கண்டித்தால், 'இவருக்கு மட்டும்' காகிதக் கோப்பை வருகிறது! வேடம் மாறுகிறது, வேற்றுமை மாறவில்லை.

பொதுக் கடையில் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது 17-ஆம் பிரிவு. 1955-ல் தனிச் சட்டம் வந்தது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஏட்டில் இத்தனை காவல்! இருந்தும் ஒரு கிளாஸ், ஒரே ஒரு கண்ணாடிக் கிளாஸ், இத்தனை சட்டத்தையும் எட்டி உதைத்துக்கொண்டு சில ஊர்களில் தனியே தொங்குகிறது.

நம் இயக்கத்தின் கதையே பெஞ்சுகளின் கதைதானே! ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் 'பிராமணர்', 'மற்றவர்' என்றிருந்த பிரிவு, பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941-ல் ஒழிந்தது. 1957-ல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த சாதிச் சொல்லை நீக்கக் கோரி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. நாள்தோறும் தொண்டர்கள் கைதாயினர். 1958-ல் பலகை மாறியது. ஒரு பலகைக்கா இத்தனை பாடு என்று அன்று சிரித்தவர் உண்டு. பலகைக்கல்ல, தோழா! பக்கத்தில் உட்காரும் உரிமைக்கு!

டீக்கடையும் முடி திருத்தும் நிலையமும் படிப்பகமுந்தான் நம் கல்லூரிகள். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், எழுத்தறியாத பத்துப் பேர் கேட்பர், ஒருவர் மறுப்பார், கடைக்காரர் தீர்ப்புச் சொல்வார். ஓரணாத் தேநீரில் ஓராயிரம் வாதம்! தெளிந்த தலையோடு பேசும் கூட்டத்தைக் கண்டு ஆளவந்தார் அஞ்சுவது புதிதல்ல. 1675-ன் இறுதியில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ், காப்பிக் கடைகளையெல்லாம் மூடும்படி ஆணை பிறப்பித்தான். காப்பி கெடுதலா? இல்லை. அங்கே நடந்த பேச்சு அரசைப் பற்றிய பேச்சு! மக்களின் எதிர்ப்பைக் கண்டு, ஆணை நடைமுறைக்கு வருமுன்பே 1676 சனவரியில் பின்வாங்கினான். முடி சூடிய தலை, காப்பிக் கோப்பைக்கு முன் குனிந்தது!

மதுக்கடைப் பேச்சைக் கண்டு எந்த அரசு அஞ்சிற்று? அங்கே அரசைத் திட்டினாலும் வரி கட்டிவிட்டுத்தானே திட்ட வேண்டும்!

கடையை மூடுவதும் திறப்பதும் தமிழ்நாட்டில் மாறி மாறி நடந்திருக்கிறது. 1921-ல் கள்ளுக்கடை மறியல் நாளில், பெரியார் சேலம் தாதம்பட்டியில் தமக்கிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டச் செய்தார். பின்னாளில் அவரே, சட்டத்தால் குடியை ஒழிக்க முடியாது என்று வாதிட்டார். 1937-ல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு. 1971-ல் கலைஞர் ஆட்சியில் கதவு திறந்தது, 1974-ல் மூடிற்று. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. 2023-24-ல் மதுவால் அரசுக்குக் கிடைத்த வரி வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

யார் திறந்தார், யார் மூடினார் என்று பட்டியலை வீசி ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளலாம். அடிபட்டவர் யார் என்று பார்த்தால், அந்த மலைமேல் கொத்தனார்! மூடினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கமாட்டேன். கடைகள் திறந்திருந்தபோதே, 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பூட்டு ஒன்றே மருந்து என்பவரும் ஏமாறுகிறார். கடையைத் திறந்துவைத்துக் கல்லாவை எண்ணுவதே கடமை என்பவரும் ஏமாற்றுகிறார்.

மலையில் காலிப் புட்டிகள் யானையின் காலைக் கிழித்தன, காட்டைக் கெடுத்தன. உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022-ல் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது: புட்டி வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதலாகக் கொடு; காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்து அந்தப் பத்து ரூபாயைப் பெற்றுக்கொள். நல்ல திட்டம்! யானையின் கால் பிழைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் என் நெஞ்சு கேட்கிறது: காலிப் புட்டிக்குப் பத்து ரூபாய், காலியான மனிதனுக்கு என்ன விலை? அவனைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் கடை எது? கணக்கு நோட்டுக்குக் காத்திருந்து உறங்கிவிட்ட அந்தச் சிறுமியிடம், காலிப் புட்டியையா கொடுப்பது?

கழகத் தொண்டனே! உன்னைத்தான் கேட்கிறேன். அந்த மூட்டைக்காரரிடம் 'குடிக்காதே' என்று சொல்ல உனக்கு உரிமை எப்போது வரும்? அவர் ஊர் டீக்கடையில் அவருக்குப் பெஞ்சில் இடம் கிடைத்த பிறகு வரும்! அந்தத் தனிக் கிளாசைப் பார்த்துக்கொண்டே தேநீர் அருந்திவிட்டு மேடையேறி மதுவின் தீமையைப் பேசுகிறாயே, உன் குரல் அவர் காதில் எப்படி விழும்?

அவர் மதுவுக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்வதற்குக் காசு கொடுக்கிறார்! கிண்டல் செய்யும் உரிமைக்குக் கட்டணம் கட்டுகிறார்! இலவசமாய்க் கிடைக்க வேண்டிய சமத்துவத்தை, கூலியில் பாதியைக் கொடுத்துக் கால் புட்டியோடு சேர்த்து வாங்குகிறார். கடை மூடும்போது, மயக்கம் தெளியும்போது, அதுவும் தெளிந்துவிடுகிறது. விடிந்தால் ஊர், ஊரில் தனிக் கிளாஸ்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. கிளைக்கு ஒரு படிப்பகம். அதில் நாலு பெஞ்சு, ஒரு விளக்கு, ஒரு கேரம் பலகை, கொதிக்கும் தேநீர், எல்லாருக்கும் ஒரே வகைக் கிளாஸ். மாலை ஆறு முதல் பத்து வரை கதவு திறந்திருக்கட்டும். தனிக் கிளாஸ் வைக்கும் கடைக்கு நாலு பேராகப் போ. அந்தக் கிளாசிலேயே உனக்கும் ஊற்றச் சொல். பெஞ்சில் அவரை நடுவில் உட்காரவை. கடைக்காரர் முகம் சுளித்தால் சட்டம் இருக்கிறது, சட்டத்தைக் கூப்பிடு.

மறுநாள் பனி விலகிற்று. கூட்டம் நடந்தது. முன்வரிசையில் நம் சட்டசபை உறுப்பினர் நால்வரும் இருந்தனர். நான் இதையெல்லாம் பேசி இறங்கியதும் மூட்டைக்காரர் அருகில் வந்தார்.

"சபையை இடம் மாத்தலாமுங்க. ஒரு நிபந்தனை."

"சொல்லுங்கண்ணே."

"அங்கேயும் இவனை நான் திட்டுவேன். யாரும் தடுக்கக் கூடாது!"

கொத்தனார் ஒன்றும் பேசவில்லை. சட்டைக்குள் செருகியிருந்ததை எடுத்துக் காட்டினார். ஒரு கணக்கு நோட்டு.