உதட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிறு பை

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



போளூரைச் சேர்ந்த பட்டு நெசவாளர் ஒருவர், பத்தாம் வகுப்பு படிக்கும் தம் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நம் மருத்துவமனைக்கு வந்தார். பள்ளிப் பையில் புகையிலை அகப்பட்டதாம். "அடித்தும் பார்த்துவிட்டேன் ஐயா, கேட்கவில்லை. படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார வைத்துவிடப் போகிறேன்" என்றார். பையன் தலை நிமிரவே இல்லை.

பிள்ளைகள் 'கூல் லிப்' என்று சொல்லுவது, புகையிலைத் தூள் அடைத்த வாசனையுள்ள சிறு பை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒளித்துவைத்தால் புகை வராது, ஆசிரியருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 2013-ஆம் ஆண்டிலேயே தடை விதிக்கப்பட்டது. ஆயினும் வெளிமாநிலங்களிலிருந்து இரகசியமாய் வந்து சேருகிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவியதைக் கண்டு, நாடு முழுவதும் ஏன் இதைத் தடைசெய்யக்கூடாது என்று 2024-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது.

இதிலுள்ள நிகோட்டின் வாயின் மெல்லிய தோல் வழியாய் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. ஏறக்குறைய 25 வயது வரை மூளை வளர்ந்துகொண்டிருப்பதால், இளவயதில் பழக்கம் சீக்கிரம் வேரூன்றிவிடுகிறது. விட்டவுடன் எரிச்சல், தூக்கமின்மை, படிப்பில் மனம் நில்லாமை எல்லாம் வரும். முதல் 3 நாட்கள் மிகவும் கடினம். பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும். இதைத் திமிர் என்று எண்ணி அடித்தால், பிள்ளை பழக்கத்தை விடுவதில்லை, ஒளிக்கத்தான் கற்றுக்கொள்கிறான்.

மருத்துவர் பையனின் வாயைப் பரிசோதித்தார். பிறகு தகப்பனைப் பார்த்து, "நீங்கள் ஏதாவது போடுவதுண்டா?" என்று கேட்டார். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு மடியிலிருந்து ஒரு புகையிலைப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்பொழுதுதான் மகன் தலைநிமிர்ந்து பார்த்தான்.

இருவரும் ஒரே நாளில் விடுவதென்று தீர்மானித்தார்கள். ஆசை எழும்பினால் சில நிமிடங்கள் பொறுத்தால் அடங்கும். அந்த நிமிடங்களில் தண்ணீர் குடிக்கவும், சோம்பு மெல்லவும், ஒருவருக்கொருவர் சொல்லவும் மருத்துவர் ஆலோசனை கூறினார். மகன் வந்து சொன்னால் அடிப்பதில்லை என்று தகப்பன் வாக்குக் கொடுத்தார்.

மூன்றாம் வாரத்தில் பையன் ஒருமுறை தவறினான். ஆனால் அவனே போய்த் தகப்பனிடம் சொன்னான். மனமுடைந்து வந்தவரிடம், "பாவில் ஓர் இழை அறுந்தால் பாவையே அறுத்தெறிவீர்களா?" என்று கேட்டேன். "பிணைத்துத்தான் நெய்வோம், ஐயா" என்றார். பையன் இன்றும் பள்ளிக்குப் போகிறான். போராட்டம் முடிந்துவிடவில்லை, ஆனால் அவன் தனியாக இல்லை.

கெட்ட குமாரனைத் தூரத்தில் கண்டபோதே அவன் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். முதலில் கணக்குக் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலோ சபையிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடிக்குமுன் அருகில் உட்காருங்கள். 1800-11-2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

உங்கள் காணிக்கைகளால்தான் இத்தகைய குடும்பங்களோடு பொறுமையாய் உட்கார்ந்து பேச நம்மால் முடிகிறது. அந்தத் தகப்பனையும் மகனையும் உங்கள் ஜெபங்களில் தாங்குங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனை ஆயர்