பெருநாள் பேனரில் எழுத்து ஏன் உடைகிறது?

காயல்பட்டினத்து வாசகர் ஒருவர் தெருமுனையில் கட்டியிருந்த பெருநாள் வாழ்த்துப் பேனரைப் படமெடுத்து அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "மேலே அரபியில் ஈத் முபாரக் என்று இருக்கவேண்டும். எழுத்தெல்லாம் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கிறது. நன்றாக ஓதத் தெரிந்த என் மகளாலேயே வாசிக்க முடியவில்லை. கீழே தமிழில் 'பெருநாள்' என்பதிலும் கொம்பு இடம் மாறி நிற்கிறது. தப்பு யாருடையது?"

தட்டச்சு செய்தவர் மேல் தப்பில்லை. அவர் எழுத்துகளைச் சரியான வரிசையில்தான் தட்டியிருக்கிறார். அரபியில் தெரிவதும் தமிழில் தெரிவதும் ஒரே கோளாறுதான், இரண்டுக்கும் மருந்தும் ஒன்றுதான். கூலக்கடை பஜார் கடைப் பலகை, மத்ரஸா வளைவு, நிக்காஹ் அழைப்பிதழ் என்று இரு எழுத்துகளும் அருகருகே வாழும் ஊரில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கணினியின் நினைவில் 'முபாரக்' என்பது ஐந்தே எழுத்து: மீம், பா, அலிஃப், ரா, காஃப். எந்த உருவத்தில் வரைய வேண்டும் என்ற குறிப்பு அங்கே கிடையாது. ஆனால் அரபி எழுத்து, சொல்லில் தான் நிற்கும் இடத்துக்கு ஏற்ப உருவம் மாறும். காயல்பட்டினம் நிலையத்தைக் கடந்து திருச்செந்தூர் போகும் ரயிலின் பெட்டிகளாக எழுத்துகளை நினைத்துப் பாருங்கள். மொத்தம் 28 பெட்டிகள். அவற்றில் 22-க்கு இரண்டு முனையிலும் கொக்கி உண்டு. அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறுக்கும் முன்பக்கம் மட்டுமே கொக்கி. தனக்கு முந்தைய பெட்டியோடு சேரும், தனக்குப் பின்னால் எதையும் இழுக்காது.

இப்போது முபாரக்கைப் பூட்டுவோம். மீம் முதல் பெட்டி, அதன் வால் பின்னால் நீண்டு 'பா'வைப் பிடிக்கிறது. இரு பக்கமும் பூட்டப்பட்ட 'பா' நடுப்பெட்டி, வெறும் ஒரு சிறு பல்லாகச் சுருங்கிவிடும். அலிஃப் வந்து சேர்ந்ததும் தொடர் முடிந்தது, ஏனென்றால் அலிஃபுக்குப் பின்கொக்கி இல்லை. அடுத்து ரா. அதற்கு முன்னாலும் பிடிக்க ஆள் இல்லை, பின்னாலும் கொக்கி இல்லை, தனிப்பெட்டி. கடைசி காஃபுக்குக் கொக்கி இருந்தும் பூட்ட ஆள் இல்லை, அதுவும் தனிப்பெட்டிதான். முதல், நடு, கடை, தனி என்ற நான்கு நிலைகளும் ஐந்தெழுத்துச் சொல் ஒன்றுக்குள் வந்துவிட்டன. லாமுக்குப் பின் அலிஃப் வந்தாலோ கொக்கி போதாது, இரண்டு பெட்டியையும் உருக்கி ஒன்றாகவே வார்த்துவிட வேண்டும். 'ஸலாம்' என்ற சொல்லில் அதைப் பார்க்கலாம்.

இத்தனையையும் செய்ய ஓர் ஊழியர் வேண்டும். பெட்டி பெட்டியாக நடந்து, முன்னால் யார், பின்னால் யார் என்று பார்த்து, உரிய உருவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்து மாட்டுகிற ஊழியர். மென்பொருளில் அந்த வேலைக்கென்றே ஒரு நிரல் உண்டு. ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல் இவற்றில் பேர்பெற்றது. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் அதுதான் உழைக்கிறது. உங்கள் போனில் அரபி விசைப்பலகையை வைத்து மீம் தட்டுங்கள், முழு உருவம் வரும். அடுத்து பா தட்டுங்கள். ஏற்கெனவே தட்டி முடித்த மீம் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தட்டலுக்கும் ஊழியர் மறுபடி நடந்து வந்து பார்க்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

நம் கொம்பும் இதே ஊழியரை நம்பித்தான் இருக்கிறது. எல்லா எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் 'பெ' என்பது முதலில் ப, அடுத்துக் கொம்பு. திரையில் மட்டும் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். 'பொ' என்றால் முன்னும் பின்னும் எஞ்சின் பூட்டிய வண்டி. ஊழியர் வேலைக்கு வராத மென்பொருளில் ப ஓரிடத்திலும், கொம்பு அதற்குப் பின்னால் நாதியற்றும் நிற்கும். வாசகர் அனுப்பிய 'பெருநாள்' உடைந்தது இப்படித்தான்.

அடுத்தது திசை. யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு திசையை விதித்திருக்கிறது. தமிழ் இடமிருந்து வலம், அரபி வலமிருந்து இடம். இரண்டும் ஒரே வரியில் வந்தால்? தமிழுக்கு மட்டம் 0, அரபிக்கு மட்டம் 1, அரபிக்கு நடுவே வரும் எண்ணுக்கு மட்டம் 2 என்று மென்பொருள் முதலில் குறித்துக்கொள்கிறது. பிறகு விதி சொல்வது: மட்டம் 2-இல் இருப்பதை மட்டும் திருப்பிப்போடு. அடுத்து, மட்டம் 1-உம் அதற்கு மேலும் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பிப்போடு. அரபி ஒருமுறை திரும்புகிறது, எண் இரண்டு முறை திரும்புகிறது. அதனால்தான் அரபி வாசகத்தின் நடுவில் ஹிஜ்ரி ஆண்டு 1446 என்று எழுதினால் 6441 ஆகாமல் நேராகவே வருகிறது. இவ்வளவு சின்ன விதி இவ்வளவு பெரிய குழப்பத்தைத் தீர்ப்பது எனக்கு இன்றும் வியப்பு. ஊழியரும் இல்லாமல் இந்த விதியும் தெரியாத மென்பொருளில் முபாரக்கின் எழுத்துகள் உதிர்ந்து, இடமிருந்து வலமாகக் கிடக்கும். வலப்பக்கமிருந்து வாசிக்கும் கண்ணுக்கு அது 'கராபம்' என்று ஏதோ பொருளற்ற சொல்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்குச் சில வரிகள். காயல்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஆற்றுமுகத்தில் இருக்கும் புன்னைக்காயலில் பணியாற்றிய ஹென்ரிக் பாதிரியாரின் தமிழ் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் உலோக அச்சில் வந்தது. ஆனால் தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் நூல்கள் கல்லச்சில்தான் பெரிதும் வெளிவந்தன. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் உண்டாக்கிய எழுத்து அது. காயல்பட்டினத்தில் 1816-இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இதில் பெரும்புலவர். கல்லச்சுக்கு உலோக அச்செழுத்து வேண்டாம், எழுதுபவரின் கை போதும். கொக்கி பூட்டும் ஊழியர் அந்தக் கைக்குள்ளேயே இருந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய உருது நாளேடு 'தி முசல்மான்' கணினிக் காலத்திலும் கையால் எழுதப்பட்டே அச்சானது.

ஊழியர் இருந்தும் பேனர் கடைக்கு ஏன் வருவதில்லை? பேஜ்மேக்கர், பழைய போட்டோஷாப் போன்றவை ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பின்னால் வந்த போட்டோஷாப் பதிப்புகள் சிலவற்றில் மத்திய கிழக்கு, தெற்காசிய எழுத்துகளுக்கென்றே ஒரு தேர்வு அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் அரபியும் தமிழும் சரியாகும். அப்படி ஒன்று உண்டு என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அதனால் கடைகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாமல் பிடித்திருக்கின்றன. அவற்றில் கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுவதால் உடையாது. அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாசகத்தை இணையத்தில் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நேரே ஒட்டவும் முடியாது.

அரபிக்கும் இப்படியொரு குறுக்குவழி நடக்கிறது. முதல், நடு, கடை உருவங்களுக்குப் பழைய கணினிகளுக்காக யூனிகோடு தனித்தனிக் குறியீடுகளும் வைத்திருக்கிறது. இணையதளம் ஒன்றில் வாசகத்தைக் கொடுத்தால் அந்தக் குறியீடுகளாக மாற்றி, தலைகீழாகத் திருப்பியும் தந்துவிடும். ஒட்டினால் அழகாகத்தான் தெரியும். வாசகம் நீண்டு இரண்டு வரியாக மடிந்தால் போயிற்று: வாக்கியத்தின் தொடக்கம் கீழ் வரிக்கும், முடிவு மேல் வரிக்கும் போய்விடும். துஆவோ ஹதீஸோ எழுதும் இடத்தில் இது சின்னப் பிழையில்லை. அழைப்பிதழின் தலையில் வரும் பிஸ்மில்லாஹ் மட்டும் பெரும்பாலும் தப்பிக்கிறது. அது படமாக ஒட்டப்படுகிறது. தவிர, அந்த வாசகம் முழுவதையும் யூனிகோடு ஒரே குறியீடாகவும் வைத்திருக்கிறது.

இப்போது 'ஒரே சொடுக்கில் லோகோ, ஒரே நிமிடத்தில் பிராண்டு' என்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்திருக்கின்றன. எந்த நிறம் நம்பிக்கை தரும், எந்த வளைவு வாடிக்கையாளரை இழுக்கும் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். படம் வரையும் இந்தக் கருவிகள் எழுத்தை எழுத்தாகக் கோப்பதில்லை, புள்ளிகளின் கூட்டமாகத்தான் வரைகின்றன. கொக்கியைச் சரிபார்க்கும் ஊழியர் அங்கே கிடையாது. ஆங்கிலச் சொல்லை ஓரளவு ஒழுங்காக வரையும் கருவிகூட, தமிழிலும் அரபியிலும் எழுத்துபோலத் தோன்றும் எதையோ வரைந்து தருவதை அடிக்கடி காண்கிறோம். நிறமும் வளைவும் எத்தனை நன்றாக இருந்தாலும், பெயரையே வாசிக்க முடியாத பலகை தோற்றுப்போன பலகைதான்.

பேனர் கொடுக்கப் போகும் காயல்பட்டினத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசகத்தைப் போனில் தட்டிக் கடைக்கு அனுப்புங்கள், போன் திரையில் அது முழுதாகத் தெரியும். அச்சுக்குப் போகுமுன் கடைக்காரரிடம் படமாக வாங்கி, அந்தத் திரையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரபி வரியை ஓதத் தெரிந்த ஒருவரிடமும் காட்டுங்கள், மத்ரஸாவில் படிக்கும் பிள்ளை போதும். மீம் பாவோடு சேரவில்லை என்றால் அச்சிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.