ஆய்வுக்கூடத்தில் ஏணி இல்லாதவர்கள்

இராபர்ட் பாயில் என்னும் அறிஞரைப் பள்ளி மாணவரும் அறிவர். வளியின் அழுத்தத்திற்கும் அதன் கன அளவிற்கும் உள்ள தொடர்பு அவர் பெயராலேயே விதியாக வழங்கி வருகிறது. அவர் 1680ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலொன்றில் காற்றை இறைக்கும் பம்பைக் கொண்டு செய்த சோதனைகள் பல விளக்கப்பட்டுள்ளன. ஆனால் அச்சோதனைகளிற் பெரும்பாலானவற்றைத் தம் கையால் செய்தவர் பாயில் அல்லர். தெனி பாப்பேன் என்னும் பிரெஞ்சுக்காரரே பம்பை இயக்கினார்; சோதனைகளை நடத்தினார்; குறிப்புகளையும் எழுதினார். பாயில் பெருந்தன்மையுடையவர், இதனை முன்னுரையில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். ஆயினும் நூலின் முகப்பில் நின்ற பெயர் ஒன்றே. இன்று நம் அடுக்களையிலுள்ள பிரஷர் குக்கருக்கு முன்னோடியான கலத்தை 1679ஆம் ஆண்டில் ஆக்கியவரும் இந்தப் பாப்பேன்தான். அவர் முதுமையில் இலண்டன் நகரில் வறுமையுற்று மறைந்தார்.

ஸ்டீவன் ஷேப்பின் என்னும் வரலாற்று ஆசிரியர் 1989ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இத்தகையோரைக் கண்ணுக்குப் புலப்படாத டெக்னீஷியன்கள் என்று குறிப்பிட்டார். பாயில் காலத்தில் இவர்கள் எசமானனின் வீட்டு வேலையாட்களோடு ஒன்றாக எண்ணப்பட்டனர். கூலி கொடுத்தவருக்கே கூலியாள் கண்டதும் உரியது என்பது அக்காலத்து முறை. அம்முறை மறைந்துவிட்டதா என்று கேட்டால், முற்றும் மறையவில்லை என்றே விடை கூறவேண்டியிருக்கிறது.

இக்காலத்தில் இவ்வினா முன்னைவிடப் பெரிதாகியதற்குக் காரணம் கருவிகளின் விலை. உயிரணுவுக்குள் இருக்கும் புரதத்தின் வடிவத்தைக் காட்டும் உயர்தர எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்றின் விலை பல மில்லியன் டாலர். அதனை வைக்கும் அறையில் தரை அதிரக்கூடாது, வெப்பநிலை மாறக்கூடாது, அருகே ஓடும் மின்தூக்கியின் காந்தப்புலமும் அதனைக் கலக்கும். எந்த ஒரு பேராசிரியரும் இதனைத் தமக்கென்று வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பல்கலைக் கழகங்கள் இவற்றைப் பொதுக் கருவிக்கூடங்களில் நிறுவுகின்றன. மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி, உயிரணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரிக்கும் கருவி, மரபணு வரிசையைப் படிக்கும் கருவி ஆகியனவும் இவ்வாறே பொதுவில் வைக்கப்படுகின்றன. பல துறையினரும் முறைவைத்து வந்து பயன்படுத்திச் செல்கின்றனர்.

இக்கூடத்தில் நிலையாக இருப்பவர் யார்? மாணவர் மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவர். பேராசிரியர் கருவியைத் தொட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருக்கும். கருவியின் போக்கறிந்து, அதன் அளவுகள் பிசகாமல் பார்த்து, புதிதாக வருபவருக்குக் கற்றுக்கொடுத்து, சோதனைப் பொருளை எவ்வாறு பக்குவப்படுத்துவது என்று சொல்லித் தருபவர் அங்குள்ள தொழில்நுட்ப வல்லுநரே. அவர் செய்யும் வேலைகளில் மிக அரியது ஒன்று உண்டு. ஒருவர் கொண்டுவரும் சோதனைத் திட்டத்தைப் பார்த்து, 'இக்கருவியால் இவ்வினாவுக்கு விடை கிடைக்காது' என்று முன்கூட்டியே சொல்வதுதான் அது. அந்த ஒரு சொல்லால் ஒரு மாணவனின் ஓராண்டு உழைப்பு வீணாகாமல் தப்பும். ஆனால் நடவாத சோதனை எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

இனி அவர்தம் நிலையைக் காண்போம். பல இடங்களில் இவ்வல்லுநரின் சம்பளம், கருவியைப் பயன்படுத்துவோர் மணிக்கணக்கில் செலுத்தும் கட்டணத்திலிருந்தோ, சில ஆண்டுகளுக்கென வந்த ஆராய்ச்சி மானியத்திலிருந்தோ கொடுக்கப்படுகிறது. மானியம் முடிந்தால் வேலையும் முடியும். கட்டண முறையிலோ ஒரு விந்தையான முரண்பாடு இருக்கிறது. வல்லுநர் நன்றாகக் கற்றுக்கொடுத்தால், மாணவன் விரைவில் தானே வேலையை முடித்துக்கொண்டு போகிறான். கட்டண மணிகள் குறைகின்றன. மாணாக்கர் தேறிவிட்டால் சம்பளம் குறையும் என்ற ஏற்பாட்டில் எந்த ஆசிரியராவது பணியாற்றியதுண்டா?

பதவி உயர்வுதான் இவற்றினும் கடினமானது. பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளருக்குப் பேராசிரியர் வரை படிகள் உள்ளன. அலுவலகத்தாருக்கும் உள்ளன. கருவிக்கூடத்து வல்லுநருக்கோ இரண்டு மூன்று படிகளோடு ஏணி நின்றுவிடுகிறது. அதற்குமேல் ஏறவேண்டுமாயின் கூடத்தின் மேலாளராக வேண்டும். அப்பொழுது அவர் கையெழுத்திடுவது விடுப்பு விண்ணப்பங்களிலும் விலைப் பட்டியல்களிலுமே. நுண்ணோக்கியை நன்கு கையாள்பவர் என்பதற்காகவே உயர்த்தப்பட்ட ஒருவர், உயர்ந்ததனாலேயே நுண்ணோக்கியை விட்டு விலகுகிறார். இம்மாற்றத்தை விரும்பாதவர் கருவி விற்கும் கம்பெனிக்குப் போய்விடுகிறார். அவரோடு பதினைந்தாண்டு அனுபவமும் வாயிலைக் கடந்து போகிறது.

பதவியின் பெயரிலும் பெரிதும் அடங்கியிருக்கிறது என்பதற்கு அமெரிக்கக் கறுப்பினத்தவராகிய விவியன் தாமஸ் வரலாறு சான்று. 1910ஆம் ஆண்டிற் பிறந்த இவர் தச்சுத் தொழில் கற்றவர். மருத்துவராக வேண்டும் என்று சேர்த்த பணத்தை வங்கி முறிவில் இழந்தவர். 1930ஆம் ஆண்டில் வாண்டர்பில்ட் பல்கலைக் கழகத்தில் ஆல்பிரட் பிளேலாக் என்னும் அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சோதனைகளை நடத்துவது அவர் வேலை. சம்பளப் பட்டியலிலோ அவர் துப்புரவுத் தொழிலாளி. 1941ஆம் ஆண்டில் இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கழகத்திற்குச் சென்றனர். இதயக் கோளாற்றினால் இரத்தத்தில் உயிர்வளி குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகள் அந்நாளில் பிழைப்பதரிது. அவர்களுக்குரிய அறுவை முறையைத் தாமஸ் நாய்களிடத்துப் பலமுறை செய்து பார்த்துச் செம்மைப்படுத்தினார். 1944 நவம்பர் 29ஆம் நாள் முதன்முதல் ஒரு குழந்தைக்கு அச்சிகிச்சை நடந்தபோது, பிளேலாக்கின் பின்னால் ஒரு சிறு முக்காலியின்மேல் நின்று தாமஸ் படிப்படியாக வழி சொல்லிக்கொண்டிருந்தார். அச்சிகிச்சை பிளேலாக், தாசிக் என்னும் இரு மருத்துவர்கள் பெயரால் உலகெங்கும் வழங்கியது. தாமஸ் பெயரையும் இடையே சேர்த்துச் சொல்லும் வழக்கம் மிகப் பிற்பட்டது. ஹாப்கின்சின் அறுவை ஆய்வுக்கூடங்களைப் பல்லாண்டுகள் மேற்பார்த்து, பின்னாளில் புகழ்பெற்ற மருத்துவர் பலருக்குக் கைத்திறன் பயிற்றிய அவருக்கு, அக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது 1976ஆம் ஆண்டில்தான்.

இதற்கு எதிரான நல்லதோர் எடுத்துக்காட்டும் உண்டு. தண்ணீரைப் பனிக்கட்டிப் படிகமாக உறையவிடாமல், நொடிப்பொழுதில் கண்ணாடி போல் உறையச் செய்யும் முறை ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் உருவாயிற்று. 1981ஆம் ஆண்டில் அதனை அறிவித்த கட்டுரையில் இருவர் பெயர் இருந்தன: ழாக் துபோஷே, அலஸ்டைர் மெக்டவல். முன்னவர் 2017ஆம் ஆண்டில் வேதியியல் நோபெல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். பின்னவர் கருவியோடு நின்று உழைத்த எலெக்ட்ரான் நுண்ணோக்கி வல்லுநர். பரிசு ஒருவருக்கே சென்றதெனினும் கட்டுரையில் இருவரும் உள்ளனர். நூலகம் உள்ளவரை அது நிற்கும்.

கட்டுரையில் பெயர் வருவது வெறும் புகழாசை அன்று. அடுத்த வேலைக்கு அதுவே சான்றிதழ். மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு ஆசிரியராவதற்கு நான்கு நிபந்தனைகள் விதித்துள்ளது. ஆய்வில் கணிசமான பங்கு இருத்தல், கட்டுரையை எழுதுதல் அல்லது திருத்துதல், இறுதி வடிவத்தை ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்றல் என்பன அவை. முதல் நிபந்தனையைக் கருவிக்கூடத்தார் பலரும் எளிதில் நிறைவேற்றுவர். ஆனால் கட்டுரை எழுதும்போது அவர்களை அழைப்பாரில்லை. எனவே இரண்டாவதில் தவறிவிடுகின்றனர். இவ்வாறு வாய்ப்பைக் கொடாமலே தகுதியில்லை என்று தள்ளக்கூடாது என அக்குழுவே எச்சரித்திருக்கிறது. அவ்வரியைப் படிப்போர் குறைவு போலும். அண்மைக் காலத்தில் இதழ்கள் பல, யார் யார் என்ன செய்தனர் என்பதை 14 வகைப் பங்குகளாகப் பிரித்து அச்சிடும் முறையை மேற்கொண்டுள்ளன. செய்முறை வகுத்தல், மென்பொருள் எழுதுதல், தரவுகளைப் பேணுதல் ஆகியன அவற்றுட் சில. அடிக்குறிப்பில் கூறும் நன்றியைவிட இது மேலானது.

ஏணியை உண்மையாகவே கட்டிய நாடு பிரான்ஸ். 1939ஆம் ஆண்டில் தோன்றிய சி.என்.ஆர்.எஸ். என்னும் அரசாங்க ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர்க்கு ஒரு வரிசையும் பொறியாளர், தொழில்நுட்பர்களுக்கு மற்றொரு வரிசையும் உண்டு. 1983 டிசம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையால் இத்தகைய நிறுவனங்களின் இருவகையினரும் நிலையான அரசாங்க ஊழியருக்குரிய விதிகளின்கீழ் வந்தனர். இரண்டாம் வரிசையில் அடிநிலைத் தொழில்நுட்ப உதவியாளர் முதல் ஆராய்ச்சிப் பொறியாளர் வரை ஐந்து படிகள் உள்ளன. தொழில்களை எட்டுப் பிரிவுகளாக வகுத்து, போட்டித் தேர்வு வழியாக ஆள் எடுக்கிறார்கள். உள்ளே இருப்போர் மேலே ஏறவும் தனித் தேர்வு உண்டு. 1992 முதல் இவ்வரிசையினருக்கெனப் படிகப் பதக்கம் ஒன்றையும் வழங்கி வருகின்றனர். ஆராய்ச்சியாளருக்குப் பொன், வெள்ளி, வெண்கலம், இவர்களுக்குப் படிகம். படிகம் அழகியதே, எனினும் வேறு தட்டில் வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது. நிலையான இடங்கள் போதவில்லை என்னும் குறையும் அங்கே கேட்காமலில்லை.

பிரிட்டன் சட்டத்தை நாடாமல் உறுதிமொழியை நாடியது. 2017ஆம் ஆண்டில் தொடங்கிய 'டெக்னீஷியன் உறுதிமொழி'யில் கையொப்பமிடும் பல்கலைக் கழகங்களும் ஆய்வகங்களும் நான்கு பொருள்களில் தம்மைத் தாமே மதிப்பிட்டுச் செயல்திட்டம் வெளியிடவேண்டும். இப்பணியாளர் பிறர் கண்ணுக்குப் புலப்படுதல், மதிப்புப் பெறுதல், தொழிலில் வளர்தல், அத்திறன் அடுத்த தலைமுறைக்கும் தொடர்தல் என்பன அவை. உறுதிமொழி எளிது, சம்பள ஏட்டைத் திருத்துவது அரிது. எனினும், எத்தனை பேர் இப்பணியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் விரைவில் ஓய்வு பெறுவர் என்று நிறுவனங்கள் எண்ணிப் பார்க்கத் தொடங்கியதே ஒரு பயன். அந்நாட்டில் தொழில்நுட்பப் பணியாளர்க்கு வழங்கும் பரிசுகளுக்குப் பாப்பேன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

நிலையான வேலையே கூடாது என்பாரும் உளர். மேற்சொன்ன ஹைடல்பர்க் ஆய்வகத்தில் பெரும்பாலோர் ஒன்பதாண்டுகளுக்குமேல் நீடிப்பதில்லை என்பது நெடுநாள் வழக்கம். பயின்றவர் தத்தம் நாடு சென்று திறனைப் பரப்புவர் என்பது அதன் நோக்கம். ஐரோப்பாவின் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்திற்கு அது பொருந்தலாம். போகுமிடத்தில் தக்கதோர் இடம் காத்திருந்தாலன்றித் தனியொரு பல்கலைக் கழகம் அதனைப் பின்பற்றினால், பரவுவது திறனன்று, ஆள் மட்டுமே.

தொழிற்சாலைகளில் இதற்கு வேறொரு விடையை முன்பே கண்டுள்ளனர். ஐ.பி.எம். கம்பெனி 1960களின் தொடக்கத்திலேயே தன் தலைசிறந்த பொறியாளர்களுக்கு நிர்வாகப் பொறுப்பு ஏற்றாமலே மிக உயர்ந்த பதவி அளிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. மேலாளர்க்கு ஓர் ஏணி, கைவல்லார்க்கு மற்றோர் ஏணி. இரண்டும் ஒரே உயரம். பல்கலைக் கழகத்துக் கருவிக்கூடம் இம்முறையை ஏற்பதற்குத் தடையாக நிற்பது பணம் மட்டுமன்று. உயர்படியில் அமரத் தகுந்தவர் யாரென்று தீர்மானிக்கும் குழுவில் இன்று பெரும்பாலும் வெளியீடுகளை எண்ணிப் பழகியவர்களே இருக்கிறார்கள். தடுத்து நிறுத்திய தவறான சோதனைகளையும், பழுதுபடாமல் காத்த ஆண்டுகளையும், பயிற்றி அனுப்பிய மாணவர்களையும் எண்ணுவதற்கு அவர்களிடம் படிவம் இல்லை.