பக்கத்தில் புதுச்சேரி இருக்க, விமானம் ஏன் பெங்களூருக்குப் போகிறது?

2018 போகியன்று புகையும் பனியும் சென்னை ஓடுபாதையை மறைக்க, இறங்க வந்த விமானங்கள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் திருப்பிவிடப்பட்டன. ஓமந்தூர் கிராமத்துக்காரர் கேட்பார்: நம்ம பக்கத்துப் புதுச்சேரியில் இறங்கினால் என்ன?

அங்கே ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற சிறு விமானத்துக்குச் சரி, ஏர்பஸ் 320 பயணிகளோடு வந்திறங்க அது போதாது. இன்னொன்று, சென்னையை மூடும் புயல் பல நேரம் புதுச்சேரிக் கரையையும் விடாது. பெங்களூரு உள்நாட்டு மேட்டுநிலம். ஆனாலும் மார்கழி, தை விடியலில் அங்கேயும் பனி மூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்பைப் பார்த்தே மாற்று நிலையம் முடிவாகிறது.

எரிபொருள் கணக்குதான் இந்த முடிவின் உயிர். சென்னை வரை, அங்கிருந்து மாற்று நிலையம் வரை, எதிர்பாராத செலவுக்குக் கொஞ்சம். இவற்றுக்கு மேல், ஜெட் விமானமென்றால் 30 நிமிடம் வட்டமிட இறுதி இருப்பு. தரையிறங்கும்போது அதற்கும் குறைவாகவே மிஞ்சும் என்று தெரிந்தால், விமானி உடனே 'மேடே' என்ற அபாய அழைப்பை அறிவிக்க வேண்டும்.