தேடல் பெட்டிகளை மறைக்கும் செயற்கைக் கற்கள்

லெட்டர்பாக்ஸிங் என்பது திறந்த வெளியில் ஒளித்து வைக்கப்பட்ட சிறு பெட்டியை எழுத்துக் குறிப்புகளின் துணையுடன் தேடிக் கண்டுபிடிக்கும் பொழுதுபோக்கு ஆகும். பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும் இருக்கும். கண்டுபிடித்தவர் பெட்டியிலுள்ள முத்திரையைத் தம் ஏட்டிலும், தம்முடைய முத்திரையைப் பெட்டியின் ஏட்டிலும் பதித்துவிட்டு, அதனை இருந்தபடியே மறைத்து வைத்துச் செல்வார். வழிப்போக்கர் கண்ணில் படாதிருக்கவும் நேரடி மழையைத் தடுக்கவும் சிலர் சிமென்ட் கலவையால் உட்குழிந்த கல் ஒன்றைச் செய்து பெட்டியின்மேல் கவிழ்த்து வைக்கின்றனர். அதைச் செய்யும் முறையையும் வைக்கத் தகுந்த இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பொழுதுபோக்கின் தோற்றம்

இதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டார்ட்மூர் என்னும் கருங்கல் மேட்டுநிலம். 1854ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்னும் சென்றடையக் கடினமான சதுப்பிடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அதுவரை நடந்து வந்தவர்கள் தம் பெயர் அட்டையை அதில் இட்டுச் சென்றனர். பிற்காலத்தில் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டைகளை விட்டுச் செல்வதும், அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச் சென்று அஞ்சலில் சேர்ப்பதும் வழக்கமாயின. பெயர்க் காரணமும் இதுவே. அமெரிக்காவில் 1998இல் ஸ்மித்சோனியன் இதழில் வெளியான கட்டுரைக்குப் பிறகு இது பரவலானது.

டார்ட்மூரில் செயற்கைக் கல்லுக்குத் தேவை எழவில்லை. அங்குள்ள குன்றுச்சரிவுகளில் கற்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கல்லின் அடியிலுள்ள இடுக்கே போதும். மேலும், அங்கு தேடுவோர் பின்பற்றும் நெறிமுறை, சிமென்ட் போன்ற கட்டுமானப் பொருள்களால் பெட்டியை நிலையாகப் பொருத்துவதைத் தடை செய்கிறது. பழங்காலக் கல்வரிசைகள், கல்வட்டங்கள், ஈமக்குவைகள் ஆகியவற்றிலும் அருகிலும் பெட்டி வைக்கக் கூடாது என்கிறது. ஆகவே செயற்கைக் கல் என்றால் கையால் தூக்கி எடுத்துச் செல்லக் கூடிய மூடி என்றே கொள்ள வேண்டும். அதைத் தரையோடு பூசி நிறுத்துவது எங்கும் தகாது.

எங்கே வைக்கலாம்?

இதைப் பலர் கடைசியில் யோசிக்கின்றனர். முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஈரமும் இருளும் நாடும் பூச்சிகள், பூரான்கள், சிறு பல்லிகள் வாழ்கின்றன. நூறு கற்கள் கிடக்கும் இடத்தில் அச்சு அசலாக ஒரு போலிக் கல்லை வைத்தால், தேடுவோர் மற்ற தொண்ணூற்றொன்பதையும் புரட்டிப் பார்ப்பார்கள். வேடம் எவ்வளவு நேர்த்தியோ, அவ்வளவு சேதம்! எனவே கல் நன்றாக அமைந்தால் குறிப்பு அதைவிடத் துல்லியமாக இருக்க வேண்டும். "பாலத்தின் வடக்கே கற்களிடையே" என்பது போதாது. "இரட்டைத் தண்டு ஓக் மரத்திலிருந்து திசைகாட்டியில் 40 பாகையில் 12 அடிவைப்பு" என எழுதினால் தேடுபவரின் கை ஒரே கல்லின்மீதுதான் செல்லும். கல்லே இல்லாத புல்வெளியில் தனிக்கல் ஒன்று துருத்திக்கொண்டு தெரியும் என்பதையும் மறக்கலாகாது.

கலவை

சிமென்டால் பாறை செய்வது புதிய கலையன்று. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பல்ஹாம் குடும்பத்தார் இங்கிலாந்தின் தோட்டங்களில் 'பல்ஹமைட்' என்ற செயற்கைப் பாறைகளை அமைத்தனர். இன்று தேடல் பெட்டிக்கு ஏற்றது, தோட்டக்காரர்கள் தொட்டி செய்யப் பயன்படுத்தும் ஹைப்பர்டூஃபா கலவை. சிமென்ட் ஒரு பங்கு, பெர்லைட் ஒன்றரைப் பங்கு, சதுப்புநில மட்கான பீட் ஒன்றரைப் பங்கு என்பது வழக்கமான அளவு. பீட் எடுப்பதற்காகச் சதுப்புநிலங்கள் அழிக்கப்படுவதால், அதற்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவுத் தூளைப் பயன்படுத்துவோரும் உண்டு. நம் ஊரில் கயிறு திரித்தபின் எஞ்சுகிற அதே தூள்தான்.

சாதாரணக் கான்கிரீட் ஏன் வேண்டாம்? 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரமுள்ள உருண்டைக் கல்லை முழுக் கான்கிரீட்டில் வார்த்தால் அது ஏறத்தாழ 11 கிலோ இருக்கும். அதைத் தூக்குபவர் ஒரு சிறுவனாகவும் இருக்கலாம். கை நழுவினால் விரல் நசுங்கும்.

விரிந்து உறையும் பாலியூரித்தேன் நுரையில் செய்தால் எடை மிகக் குறைவுதான். ஆனால் அது வெயிலில் மஞ்சளாகி உதிர்ந்து, காட்டில் பிளாஸ்டிக் துகள்களை விட்டுச் செல்கிறது. ஆதலால் அதைப் பரிந்துரைக்க இயலாது.

வார்க்கும் முறை

பெட்டியைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடை பெரிதான ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்துப் பிளாஸ்டிக் தாளால் சுற்ற வேண்டும். டப்பாவின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருந்தால்தான் பிறகு உருவ முடியும். அதன்மேல் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் மெல்லிய கம்பிவலையை வளைத்துப் பொருத்தி, கையில் உருட்டினால் உதிராத அளவு கெட்டியான கலவையை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் அப்ப வேண்டும். ஈரச் சிமென்ட் கடும் காரத்தன்மை உடையது, தோலைப் புண்ணாக்கும். ரப்பர் கையுறை அவசியம். உலர்ந்த தூளைக் கலக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

நிறத்தை மேலே பூசுவதைவிட ஆக்சைடு பொடியாகக் கலவையிலேயே சேர்ப்பது மேல். பூச்சு பெயர்ந்தால் உள்ளிருக்கும் சாம்பல் நிறம் பல்லிளிக்கும். மறுநாள் கலவை இறுகியும் இறுகாமலும் இருக்கும்போது கம்பித் தூரிகையால் தேய்த்தால் கரணைத் தடம் மறைந்து சொரசொரப்பு வரும். வைக்கப்போகும் இடத்துக் கல்லைப் பார்த்தே வடிவம் கொடுக்க வேண்டும். கருங்கல் காலப்போக்கில் விளிம்பு மழுங்கி உருளும். பலகைக்கல் அடுக்கடுக்காகப் பிளக்கும். ஒன்றின் ஊரில் மற்றொன்று பொருந்தாது.

பிறகு ஈரச்சாக்கால் மூடி வைக்க வேண்டும். சிமென்ட் இறுகுவது உலர்வதால் அன்று, நீருடன் வினைபுரிவதால். அதனால்தான் கொத்தனார் புதுத் தளத்துக்குத் தண்ணீர் கட்டி வைக்கிறார். 28 நாள்கள் பொறுத்தால் நல்ல வலிமை கிடைக்கும். அதன்பின் சில நாள்கள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருந்தால் மேற்பரப்பிலுள்ள சுண்ணாம்பு குறையும். அதற்குப் பின்னரே பாசி பிடிக்கும். பாசி வர மோர் பூசும் பழக்கம் தோட்டக்காரர்களிடம் உண்டு. காட்டில் அந்த வாசனைக்கு விலங்குகள் வந்து கல்லைப் புரட்டும் என்பதால் அதை வீட்டிலேயே செய்து, நன்கு கழுவியபின் கொண்டு செல்லலாம். லைக்கன்கள் தாமாகவே வந்து படியப் பல ஆண்டுகள் ஆகும். சமையலில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான்.

வைத்தலும் எடுத்தலும்

நில உரிமையாளரின் அனுமதி முதலில் தேவை. குழி தோண்டக் கூடாது. கல்லின் அடிவிளிம்பில் ஓரிரு சிறு பிளவுகள் விட்டால் உள்ளே புகும் நீர் வடிந்துவிடும். தண்ணீர் உறையும்போது கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால், பனி பெய்யும் நாடுகளில் நீர் தேங்கிய கல் குளிர்காலத்தில் வெடிக்கும். கல் மழைக்குக் குடையே தவிர ஈரத்தைத் தடுக்காது. குறிப்பேட்டைக் காப்பது இறுக மூடும் பெட்டியும் அதற்குள் இருக்கும் ஜிப் உறையும்தான். பாலம், இரயில் பாதை, அரசுக் கட்டடம் ஆகியவற்றின் அருகே வைத்தால் மர்மப் பொருள் என அஞ்சிக் காவல்துறையை அழைப்பார்கள். ஆகவே அவ்விடங்களைத் தவிர்ப்பதுடன், இது என்ன பெட்டி என்று விளக்கும் சீட்டு ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். பெட்டியைக் கைவிடும்போது கல்லையும் வைத்தவரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்.